அம்பாசிடருக்காக ஒரு ஜெபக்குறிப்பு

ஒருவன் பேரைக் கெடுக்க வேண்டுமென்றால் எங்கள் நாசரேத்தில் தெருவில் நின்று கத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்கால வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய், அவனுக்காக ஜெபிக்கச் சொன்னால் போதும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கிருபாநிதி அதைத்தான் செய்தார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் செய்தார், அந்தக் கோபத்துக்கு ஜெபம் என்று பேர் வைத்துக்கொண்டார்.

தூத்துக்குடி துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் அவர். வந்த கையோடு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். அதைத் துடைக்கிற நேரத்தில் பாதியை வீட்டு ஜன்னலுக்குக் கொடுத்திருந்தால் வெளிச்சமாவது வந்திருக்கும் என்பது அவர் மனைவி ஞானபாக்கியத்தின் கட்சி. எஞ்சின் புகை கக்கத் தொடங்கியபோது, அதைப் பிரித்துக் கோத்துக் கொடுத்தது ஜெபின். அதே சபைக்காரன், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். புகை நின்றுவிட்டது. ஆனால் ஓரிரு நாளிலேயே வண்டி குலுங்க ஆரம்பித்தது. சிக்னல் மாதிரி எங்காவது நிற்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கியது, கதவுக் கண்ணாடி கடகடத்தது, ஆக்சிலேட்டரை மிதித்தால் காலடியில் ஓர் உறுமல் எழுந்தது.

ஜெபினிடம் போனில் சொன்னார். கொண்டு வாங்க மாமா, பார்த்துவிடலாம் என்றான் அவன். அந்தக் குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லாதது கிருபாநிதிக்குப் பிடிக்கவில்லை. வண்டியைக் கொண்டு போகாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போனார்.

கூட்டத்தை நடத்துகிறவர் பவுல். சபைக் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். ஜெபக்குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதும் கிருபாநிதி எழுந்து, தொழிலில் உண்மையை விட்டுவிட்ட வாலிபர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

“நம்ம ஜெபினுக்காகக் குறிப்பா ஜெபிக்கணும். எஞ்சின்ல கை வைக்கவன் கர்த்தருக்குப் பயந்து வைக்கணும்” என்றார்.

ஜெபினின் மனைவி ஷெர்லி அங்கேதான் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் மனம் திரும்ப வேண்டுமென்று ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு மன்றாடினார்கள். முடிவில் அவளும் ஆமென் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்வாள், பாவம்.

அதற்குப் பிறகு சபைக்காரர்களின் வண்டிகள் ஜெபினின் வாசலைத் தாண்டிப் போகத் தொடங்கின. சபைப் பள்ளியின் வேன்களைப் பராமரிக்கும் வேலை அவனுக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. அதை நம்பிப் பக்கத்து ஷெட்டையும் வாடகைக்குப் பிடித்திருந்தான். இப்போது கமிட்டி மறுபடி யோசிக்கிறது என்றார்கள்.

கிருபாநிதிக்குத் தன் வார்த்தையை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஜெபின் எங்கே கோட்டை விட்டான் என்று கண்டுபிடிக்க வண்டியின் முன்மூடியைத் திறந்தார். எஞ்சினை ஓட விட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் ஓட்டம் ஒரே அளவில் தளர்ந்தது, நான்கு சிலிண்டரும் சரியாக வேலை செய்கின்றன. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் அங்கங்கே வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். தட்டலும் இல்லை, உரசலும் இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார், கிளட்சை மிதித்துப் பார்த்தார். குலுக்கல் குறையவில்லை. ஆனால் எஞ்சினில் ஒரு குறையும் அகப்படவில்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாக, எஞ்சினுக்கு அடியில் பலகையைக் கொடுத்து ஜாக்கியால் ஒரு விரற்கடை தூக்கினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்த ஞானபாக்கியம், “நின்னுட்டு” என்றாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குலுக்கல் மட்டும் நின்றிருந்தது. அப்படியானால் கோளாறு எஞ்சினில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் ரப்பர்களில் இருக்கிறது. ஆனால் ஜெபின் வைத்த ரப்பர்கள் இப்போது அங்கே இல்லை. அங்கே இருந்தவை கிருபாநிதி தன் கையால் வைத்தவை.

ஜெபின் வண்டியைக் கொடுத்த மறுநாளே அவர் அதைச் செய்திருந்தார். எஞ்சின் தன் ரப்பர்களின் மேல் லேசாக ஆடுவதைப் பார்த்திருக்கிறார். இழுவைக் கப்பலில் எஞ்சின் ஆடாது. அடித்தளத்தோடு சேர்த்து இறுக்கிய இறுக்கில் அசையாமல் நிற்கும். பையன் சரியாக இறுக்கவில்லை என்று நினைத்து, மெத்தென்றிருந்த ரப்பர்களைத் தூர வைத்துவிட்டு, துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய கெட்டித் துண்டுகளைக் கொடுத்து, பலமெல்லாம் கூட்டி முறுக்கினார். டார்ச் பிடித்தவள் ஞானபாக்கியம். இறுக்கினால் குலுக்கல் குறையத்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு. மெத்து இல்லாத எஞ்சின் தன் நடுக்கத்தை எல்லாம் வண்டிக்குக் கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெட்கம் அவருக்கு முதலில் காதில் ஏறியது. காது மடல் சுட்டது.

“இப்பவே ஜெபின் வீட்டுக்குப் போங்க. கையோட பவுல் அண்ணனுக்கும் ஒரு போன் போடுங்க” என்றாள் ஞானபாக்கியம்.

“கூட்டத்துல சொன்னத கூட்டத்துலதாம்ளா திருத்தணும்” என்றார் அவர்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயம் அவருக்குச் சனிக்கிழமை வரை தவணை வாங்கிக் கொடுத்தது. இடையில் கடைத்தெருவுக்குப் போக நேர்ந்தபோதெல்லாம் ஒர்க்‌ஷாப் இல்லாத பக்கமாகச் சுற்றிப் போனார். சாத்தான்குளம் ரோட்டில் ஜெபின் பைக்கில் எதிரே வந்து தலையசைத்தபோது, பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னைப் போல ஒரு கோழையை அவர் பார்த்ததில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை ஞானபாக்கியத்தையும் ஏற்றிக்கொண்டு குலுங்கும் வண்டியிலேயே கூட்டத்துக்குப் போனார். ஷெர்லி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபக்குறிப்பு கேட்டதும் எழுந்து, வண்டியில் இருந்த கோளாறு ஜெபினால் வந்ததில்லை, தன்னால் வந்தது, தனக்காகத்தான் ஜெபிக்க வேண்டும் என்றார்.

யாரும் நம்பவில்லை. அடுத்தவன் குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். அண்ணாச்சி ஜெபினை மன்னித்துவிட்டார் என்று சொல்லிப் பவுல் ஸ்தோத்திரம் செலுத்தினார். எல்லோரும் அவரை அன்போடு பார்த்தார்கள். அந்த அன்பு ஒரு நொடி கிருபாநிதிக்கு இனித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். உட்காரக்கூடக் குனிந்தார். அப்போதுதான் ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு ஆமெனுக்குத் தயாராவதைப் பார்த்தார்.

“எல்லாரும் வெளிய வாங்க” என்றார்.

எஞ்சினை ஓட விட்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு அம்பாசிடருக்கு அடியில் மண்ணில் படுத்தார். ஷெர்லியை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். அது அவள் கையில் நடுங்குவதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். பலகையைக் கொடுத்து ஜாக்கியால் எஞ்சினைத் தூக்கினார்.

“நின்னுட்டு மாமா” என்றாள் ஷெர்லி.

எஞ்சின் நல்ல எஞ்சின், ஜெபின் வைத்த ரப்பரை எடுத்துவிட்டுக் கன்வேயர் பெல்ட்டை வைத்தவன் நான்தான் என்று அடியில் கிடந்தபடியே உரக்கச் சொன்னார். போன செவ்வாயே இது தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். இந்த முறை நம்பினார்கள்.

பவுலின் செருப்பு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“அண்ணாச்சி, வியாழக்கெழம கமிட்டி கூடிச்சு. வேன் வேலய வெளியூர்காரங்களுக்குக் கொடுத்து கையெழுத்தும் போட்டாச்சு. புதன்கெழம ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா போதுமே.”

கார்க் கதவு திறந்தது. ஷெர்லி இறங்கினாள். அவள் ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று கிருபாநிதி காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் குனிந்து பார்த்தாள்.

“பழைய ரப்பர் வச்சிருக்கீங்களா மாமா? அத அவங்ககிட்ட கொடுத்து விடுங்க. மாட்டித் தந்துருவாங்க. இப்ப வேலயும் ஒண்ணும் இல்ல, சும்மாத்தான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கால்கள் எல்லாம் போன பிறகும், ஞானபாக்கியத்தின் கால்கள் மட்டும் வண்டியருகே நின்றுகொண்டிருந்தன. போகலாம் வாங்க என்று அவள் கூப்பிட்டாள். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர அவருக்கு முகமில்லை.