செவ்வாய்க்கிழமைத் தூள்

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் எண்ணெய் பிரியவில்லை. மற்ற நாட்களில் கலவை ஆறியதும் மேலே பொன்னிற டீசல், அடியில் தேன் போலக் கிளிசரின் என்று ஒழுங்காக இரண்டாகும். செவ்வாயில் மட்டும் ஊற்றியது ஊற்றியபடியே கிடக்கும். கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை டீசலாக்கும் கொட்டாஞ்சேனைக் கொட்டகையின் இரசாயனக்காரி ஜீவராணிக்கு இது விளங்கவில்லை.

முதலாளி எட்வேட்டுக்கு விளங்கியது. அவருக்கு விளங்காதது உலகில் எதுவுமில்லை.

"வெள்ளவத்தைக் கடை எண்ணெய் சரியில்லை, தங்கச்சி. தீபாவளிக்கு ஊத்தின எண்ணெயில தைப்பொங்கல் வரைக்கும் உங்கட ஆக்கள் வடை சுடுவினம்."

"திங்களும் அதே எண்ணெய்தானே, சேர்."

"அப்ப உங்கட முட்டைக்கோதில பிழை. அடுத்த செவ்வாயும் இப்பிடியெண்டா கோஸ்டிக் சோடாவுக்கே திரும்புவம்."

கோஸ்டிக் கலவையில் கரைந்துவிடும். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்தச் சவர்க்காரத் தண்ணீர் தெருச் சாக்கடைக் கானுக்குப் போகும். ஜீவராணியின் வினையூக்கியோ ஆப்பக்கடைகள் எறியும் முட்டைக்கோது. சூளையில் நன்றாகச் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு கழன்றுபோய்ச் சுண்ணாம்பு மிஞ்சும். கல்யாணத் தரகர் மாதிரி அது எண்ணெயையும் அதோடு கலக்கும் மெதனோலையும் சேர்த்துவைத்துவிட்டு, தான் ஒட்டாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அள்ளி மறுபடியும் போடலாம். இரண்டு வருட உழைப்பு. 'பசுமை முயற்சியாளர்' என்று சட்டைப்பையில் தைத்துக்கொண்டு திரிந்த மனிதர் அதை ஒரு மிடறு தேநீரோடு விழுங்கப் பார்த்தார்.

அடுத்த செவ்வாய் அவள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொட்டகை மூலையிலிருந்த அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், அன்றைக்கென்று அவள் சுட்டுவைத்திருந்த கோதுத் தூள் டின் இருந்தது, மூடியில்லாமல். பக்கத்தில் மெழுகுதிரியோடு எட்வேட்.

"இது எப்ப இருந்து இங்க?"

"நேற்றுப் பின்னேரம். செவ்வாய் அந்தோனியாற்ற நாளெல்லோ. ஒவ்வொரு கிழமையும் வைக்கிறனான்."

"மூடி எங்க?"

"மூடிவச்சா ஆசீர்வாதம் எப்பிடி உள்ளுக்குப் போறது?"

வெளிநாட்டில் முகாமைத்துவம் படித்த வாய். அந்தோனியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஜீவராணிக்குப் பட்டது.

தேநீர் மேசையிலிருந்த தேசிக்காய்ப் பாதியை எடுத்து ஒரு கரண்டித் தூளில் பிழிந்தாள். தூள் நுரைத்துப் பொங்கியது. சரியாகச் சுட்ட தூள் இப்படி நுரைக்காது. சுட்டு விரட்டிய வாயு, கடற்காற்றின் ஈரத்தோடு இரவிரவாகத் திரும்பிவந்து ஒட்டியிருந்தது.

"சேர், நீங்கள் கும்பிட்டுக் கும்பிட்டு இதைத் திரும்பவும் முட்டைக்கோதாக்கிப்போட்டீங்கள்."

"அப்ப அந்தோனியார்?"

"அவர் மூடின டின்னையும் ஆசீர்வதிப்பார். கெடுத்தது உங்கட கை."

அவள் தூளை மறுபடி சுட்டு, சூடு தணியுமுன் டின்னில் போட்டு இறுக மூடி, எண்ணெய் தயாரானதும் அப்படியே கொட்டினாள். பின்னேரம் கலவை இரண்டாகப் பிரிந்தது. சுட்ட தூளைக் காற்றுப் படாமல் மூடிவைக்க வேண்டும்; திறந்து கிடந்ததை மறுபடி சுட்டுத்தான் போட வேண்டும்.