இரண்டில் ஒரு மெஷின்

டேப்பின் மறுமுனையை அவர் விட்டுவிட்டார். தகர நாடா சுருண்டு வந்து அவள் விரலில் சுளீரென்று அடித்தது.

கோபத்தில் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்தே அதே பேச்சு. பம்பு கம்பெனியில் அவர் லேத் ஓட்டும் டர்னர், அவள் இன்ஸ்பெக்‌ஷன். ஓய்வுக்குப் பிறகு இருவரும் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் பழைய சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கை ட்ரில்லோடு மல்லுக்கட்டி மாளவில்லை, ஒரு மெஷின் வாங்கத்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். எந்த மெஷின் என்பதில்தான் தகராறு. ஓட்டை போடுவதைத் தவிர நாம் என்ன செய்கிறோம், ட்ரில் பிரஸ் போதும், மில்லிங் மெஷின் என்றால் யானையை வாங்கிவிட்டுக் கட்ட இடம் தேடுகிற கதை என்றாள் அவள். மில்லிங்கில் ஓட்டையும் போடலாம், நீளப் பள்ளமாகக் காடியும் வெட்டலாம் என்றார் அவர். ட்ரில் பிரஸ் கீழே அமுக்க மட்டும்தான். பக்கவாட்டில் தள்ளினால் ட்ரில் பிட்டைப் பிடிக்கிற சக் கழன்று விழும் என்றார்.

"கோவிச்சுக்கிட்டா மெஷின் சின்னதாயிடுமா?" என்றாள், ஷெட் சுவரில் மெஷினுக்கான இட அளவைக் குறித்தபடியே.

பதில் வராததால் திரும்பினாள். அவர் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மடியில் கிடந்தது.

வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். மகள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். வந்தவர்களிடமெல்லாம் இவள் ஒரே மாதிரி சொன்னாள்: அளந்துகொண்டிருந்தோம், உட்கார்ந்துவிட்டார். கடைசியாக என்ன பேசினார் என்று கொழுந்தனார் கேட்டார்.

"சக் கழண்டு விழும்னாரு."

கொழுந்தனாருக்கு விளங்கவில்லை. இரண்டு மெஷினைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னாள். துக்க வீட்டில் கேட்கலாமா என்று தயங்கிவிட்டு, "கடைசில எது முடிவாச்சு அண்ணி?" என்றார்.

"இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள்.

சற்று நேரத்தில் கணவருடைய போன் அடித்தது. மெஷின் கடைக்காரர். எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சார் இல்லையா என்றார். இல்லை என்றாள். ரெண்டில் எது என்று இன்றைக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தாராம்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினாள்.

"மில்லிங் மெஷின இறக்கி வைக்க எத்தனை பேர் வேணும்?"

"நாலு பேர் இருந்தாப் போதும்மா. வீட்ல ஆள் இருக்காங்களா?"

கதவு வழியே பார்த்தாள். கூடத்தில் அவரைத் தூக்குவதற்கு எழுந்துவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் கொழுந்தனாரும் மருமகனும், கால்மாட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளுக்காகக் காத்து நின்றார்கள்.

"இருக்காங்க" என்றாள். "இன்னிக்கு வேண்டாம். அடுத்த வாரம் அனுப்புங்க."