அகல இலை

அப்பாவின் கருமாதிக்காக ரூபினி திருவண்ணாமலை போயிருந்த வாரத்தில், வருடக்கணக்கில் அவள் ஒட்டுச்சேர்த்துப் பொறுக்கியெடுத்த நெல்லுக்குத் துறைத்தலைவர் பாலகுமார் தன் மகளின் பெயரை வைத்துவிட்டார். ‘சிந்து’. அவர்கள் வேலைபார்த்த பெங்களூரு விதைக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில், தான் கண்டுபிடித்த ரகம் என்று மேடையிலேயே சொன்னார். ரூபினி யார் என்று யாரோ கேட்டதற்கு, “வயல்ல அளவெடுக்கிற பொண்ணு” என்றாராம்.

துக்கம் முடிந்து திரும்பியவள் வழக்கம்போல வயலுக்குப் போனாள். ஜோகுபாளையத்து வாடகை வீட்டில் அவள் கோபம் ஆறாமல் கிடந்தது.

அந்த நெல்லின் சூட்சுமம் இலையில் இருந்தது. கதிருக்கு முன் கடைசியாக விரியும் கொடி இலைதான் மணிக்கு ஊட்டம் தருவது. அது தடித்து நிமிர்ந்து நின்றால் வெயில் கீழ் இலைகள் வரை இறங்கும், மணி முற்றும். இதையெல்லாம் பாலகுமாருக்கு விளக்கியவளே ரூபினிதான். கொடி இலை முக்கியம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறியது. எப்படிப்பட்ட இலை என்பது ஏறவில்லை.

அடுத்த பருவத்துக்கு ரகம் தேர்ந்தெடுக்க எலஹங்காவுக்கு அப்பாலிருந்த ஆராய்ச்சி வயலுக்கு அவர் வந்தார். ஒரு பாத்தியில் அகலமான, கரும்பச்சை இலைகள் தளதளவென்று நின்றன. பக்கத்தில் குறுகிய விறைத்த இலைகள்.

“இதுதான், ரூபினி. இலையைப் பாரு, எவ்ளோ பெருசு. கதிர் எப்படி இருக்கும்னு யோசி.”

நெருக்கி நட்டால் அந்த இலைகள் மடிந்து ஒன்றையொன்று மூடும், உள்ளே இருட்டாகிவிடும் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

“நல்ல செலக்‌ஷன் சார்,” என்றாள். “நெருக்கமா நட்டுப் பாக்கலாமா? யூரியாவும் கொஞ்சம் தூக்கலா போட்டா இன்னும் செழிப்பா தெரியும்.”

“போடு, போடு.”

விறைத்த இலை ரகத்தை அவர் கழித்துவிட்டார். ரூபினி முதலாளி கிருஷ்ணப்பாவிடம் நேரில் கேட்டு, அதைத் தன் பெயரில் ஓரப் பாத்தியில் அதே நெருக்கத்தில் நட்டாள்.

ஆவணி முழுக்க மூட்டம். அகல இலைகள் தொங்கின, அடி இலைகள் மஞ்சளாகிச் செத்தன. தினமும் வரப்பில் நின்று பார்த்தாள். பயிர் சாவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. சந்தோஷப்பட்டாள்.

அறுவடைக்கு முன்பு கிருஷ்ணப்பா விதை வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். பாதிக்கு மேல் பறந்தது.

“ஏன்ரீ இது பாலகுமார், பூரா பதரு! இதையா விக்கச் சொல்றீங்க?”

பாலகுமார் ரூபினியைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொல்லவேயில்லையே?”

“நான் அளவெடுக்கிற பொண்ணு சார்,” என்றாள் எல்லோர் காதிலும் விழும்படி. “ரகம் தேர்ந்தெடுக்கிறது நீங்க.”

அவர் முகம் வெளுத்தது. கிருஷ்ணப்பா ஓரப் பாத்திக்குப் போய், கனத்துத் தலைசாய்ந்த கதிர்களைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தையில் ரூபினி துறைத்தலைவியானாள். பாலகுமாரை பொம்மனஹள்ளி கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு சாயங்காலம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“மழை மூட்டத்தாலதான் போச்சுன்னு கிருஷ்ணப்பா சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு.”

“அதே மூட்டத்துலதான் என்னோடதும் விளைஞ்சுது.”

“உனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சேதான் விட்ட.”

“ஆமா,” என்றாள். “தெரிஞ்சுதான்.”

அல்சூர் பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பஸ் நகரும்வரை அவரையே பார்த்தாள்.