பொறு டீச்சர்

பதிவு அறை ஒரு காலத்தில் உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை. கல்வித் துறை அலுவலகத்தின் உச்சி மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்தது. சுவர்களில் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், உலகத்தில் இருந்தவர்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது போல இருக்கும். ஏசி சத்தம் பதிவில் விழும் என்று அதையும் அணைத்துவிடுவார்கள். கணக்கு டீச்சர் வியர்க்க வியர்க்க நின்று, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு தொட்டியில பாதி தண்ணி இருக்கு. அந்தத் தண்ணியில மூணுல ஒரு பங்கை எடுத்துக் கொட்டிட்டேன். இப்ப தொட்டியில எவ்வளவு பங்கு தண்ணி இருக்கும்? பொறுங்க. அவசரம் இல்ல. யோசிங்க."

பிறகு அவள் பொறுத்தாள். காமிராக்காரர் காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"டீச்சர், அடுத்த வரி மறந்துபோச்சா?"

"மறக்கல. பிள்ளைங்க போட்டுக்கிட்டு இருக்காங்க."

"எந்தப் பிள்ளைங்க?" அவர் அறையை ஒரு சுற்று பார்த்தார். "எனக்காகப் பொறுக்காதீங்க டீச்சர். நான் கணக்குல அப்பவே கோட்டை விட்டவன்."

மாநிலத்தின் கடைக்கோடியில், பேருந்து திரும்புகிற இடத்திலிருக்கும் அவளுடைய பள்ளியில் அவளுக்குப் 'பொறு டீச்சர்' என்று பெயர். கேள்வி கேட்டுவிட்டு, வகுப்பில் கடைசிப் பென்சிலும் மேசைமேல் படுக்கிற வரை வாயைத் திறக்க மாட்டாள். முன்வரிசையில் துடிக்கிற கைகளைக் கண்ணாலேயே அமுக்கிவிடுவாள். பாடத்தை முடிக்காமல் இழுத்தடிக்கிறாள் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு தீராத குறை உண்டு.

அவள் இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மகளிடம் கற்றுக்கொண்டாள். மகளுக்குப் பேச்சு திக்கும். சொல் உதடு வரை வந்துவிட்டு, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தது போல நின்றுவிடும். கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, சித்தப்பா என்று எல்லாரும் இரக்கப்பட்டு அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். முடித்த பிறகு குழந்தை முகம் எப்படிப் போகிறது என்று யாரும் பார்த்ததில்லை. அம்மா பார்த்திருந்தாள். அதனால் அவள் முடிக்க மாட்டாள். சோறு ஆறினாலும் சரி, பேருந்து போனாலும் சரி, சொல் தானாக வெளியே வரும் வரை இருப்பாள். வரும். எப்போதும் வந்திருக்கிறது.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் தலைநகரில்தான் இருந்தார். குழந்தையின் அப்பா கப்பல் வேலையில் இருந்தார், எப்போதாவது தொலைபேசியில் வருவார். வேறு வழியில்லாமல் மகளைத் தலைநகரிலிருந்த தம்பி வீட்டில் விட்டாள். விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டு, அழாமல் ஊர் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மாநிலம் முழுக்கப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே இணைய வகுப்பறை கட்டுகிறார்கள் என்ற செய்தியைத் தம்பிதான் சொன்னான். அவன் அங்கே பாடங்களை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தான்.

"உன் பாடத்தை ஏத்துக்கிட்டாங்கன்னா இங்கேயே போஸ்டிங்க்கா. வாண்டு கூடவே இருக்கலாம்."

மகளுக்கு அவன் வைத்த பெயர் வாண்டு. ஏழாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் அவள் அந்தக் கறுப்பு அறையில் நின்று நடத்தியது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பாடங்களைச் சில பள்ளிகளில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று திட்டத்தின் தலைவர் அவளைக் கூப்பிட்டார். அவர் அறைச் சுவர் முழுக்க ஒரு திரையும், அதில் மாநில வரைபடமும் இருந்தன. ஒரு பள்ளியில் பாடம் முழுசாக ஓடி முடிந்தால் அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். பேசும்போதும் அவர் கண் அதில்தான் இருக்கும். கீழே எல்லாரும் அவரைப் 'பச்சை சார்' என்றார்கள்.

"உங்க குரல் அருமையா இருக்கு டீச்சர். ஆனா இதைப் பாருங்க." எத்தனை பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் ஒரு கோட்டைக் காட்டினார். அது நன்றாக நடந்து போய், திடீர் திடீரென்று பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "விழுற இடமெல்லாம் நீங்க சும்மா நிக்கிற இடம். பிள்ளைங்க வெளிய போயிடுறாங்க."

தம்பி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் தேநீர்க் கடையில் அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். யாரும் வெளியே போகவில்லை. அவள் பொறுத்த இடங்களில் அந்தந்தப் பள்ளி டீச்சர்களும் பாடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கணக்கைப் போட்டு முடிக்கட்டும் என்று. ஆனால் இணைய வகுப்பறையைக் கட்டியவர்கள் நிறுத்துவதையும் வெளியேறுவதையும் ஒரே கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். பாடம் ஓடவில்லை என்றால் பிள்ளை இல்லை.

"அது வெளிய போனது இல்ல சார்," என்றாள். "கணக்குப் போட்டிருக்காங்க."

"இருக்கலாம்."

"அப்ப அதை மாத்தலாமே?"

"கட்டி முடிச்சாச்சு டீச்சர். கல்லூரிப் பாடம் எல்லாம் இதே அளவுலதான் போகுது. உங்க ஒருத்தருக்காக அஸ்திவாரத்தைத் தோண்டச் சொல்றீங்களா?" கோபமே இல்லாமல் சொன்னார். "மௌனத்தை எடுத்துட்டா தீந்துச்சு. தம்பிகிட்ட கத்திரி இருக்கு."

கத்திரி என்பது ஒரு மென்பொருள். பேச்சு நிற்கிற இடத்தை மோப்பம் பிடித்துத் தானே வெட்டிவிடும். கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பாவம், ஆஸ்துமாக்காரர், மூச்சு வாங்க நின்ற இடங்களை எல்லாம் அது வெட்டிவிட்டது. இப்போது அவர் ஒரு முழு வகுப்பும் மூச்சே விடாமல் நடத்துகிறார்.

"இல்லன்னா?" என்று கேட்டாள்.

"இல்லன்னா வேற டீச்சரை வச்சு எடுத்துக்கறோம். நீங்க உங்க பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். அங்கயும் பிள்ளைங்க காத்துக்கிட்டுதானே இருப்பாங்க."

ஒவ்வொரு பாடத்துக்கும் நடத்தியவரே ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விதி. வெட்டிய பாடத்தைத் தம்பி அவளுக்குப் போட்டுக் காட்டினான். திரையில் அவள், "எவ்வளவு பங்கு தண்ணி இருக்கும்? பொறுங்க அவசரம் இல்ல யோசிங்க மூணுல ஒண்ணு சரி அடுத்தது" என்றாள். முகம் ஓரிடத்தில் லேசாகத் துள்ளியது. மற்றபடி தையலே தெரியவில்லை.

"சுத்தமா வெட்டியிருக்கேடா," என்றாள்.

"அக்கா, திட்டணும்னா வாய் விட்டுத் திட்டிடு."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? பொத்தான் எங்க?"

பாடம் பாடமாக அழுத்தினாள். எதையும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

மாறுதல் உத்தரவு வந்தது. சொன்ன சொல்லைப் பச்சை சார் காப்பாற்றினார். பெட்டியோடு தம்பி வீட்டு வாசலில் அவள் வந்து நின்றபோது மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பேசவில்லை. பேசாததை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கட்டிப்பிடித்ததே பேச்சு போலத்தான் இருந்தது.

சில வாரங்கள் கழித்துப் பேச்சுப் பயிற்சியாளர் கேட்டார்.

"வீட்ல பேசறாளா? இங்க முன்ன மாதிரி முயற்சி பண்ண மாட்டேங்குறா. தலையை ஆட்டுறா, விரலால காட்டுறா."

அன்று மாலை அவள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகள் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த பலகைக் கணினியைச் சுவரில் சாய்த்து வைத்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திரையில் அம்மா. கொஞ்சம் பவுடர் பூசிய, வியர்வை துடைத்த அம்மா.

"எவ்வளவு பங்கு தண்ணி இருக்கும்? பொறுங்க அவசரம் இல்ல யோசிங்க மூணுல ஒண்ணு சரி அடுத்தது."

மகளின் உதடுகள் குவிந்தது குவிந்தபடி நின்றன. பிறகு பிரிந்தன. கீழே வந்த நான்கு விடைகளில் ஒன்றை விரலால் தொட்டாள். பச்சை டிக் விழுந்தது.

டீச்சர் எட்டித் திரையை அணைத்தாள்.

"அம்மாகிட்ட வாயால சொல்லு. எவ்வளவு இருக்கும்?"

மகள் அவளைப் பார்த்தாள்.

"மூ..."

டீச்சர் பொறுத்தாள். இதற்குத்தான் அவள் வந்திருந்தாள். உள்ளே தம்பி யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மூ... மூ..."

சொல்லின் பாதியில் மகளின் கண் நழுவி அணைந்த திரைக்குப் போனது. அங்கிருந்து யாரோ சொல்லி முடித்துவிடுவார்கள் என்று பார்ப்பவளைப் போல. யாரும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா. நான் இருக்கேன்ல? அவசரமே இல்ல."

"நீ அ... அப்படித்தான் சொல்லுவ," என்றாள் மகள். அம்மா வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். "அப்புறம் நீயே சொ... சொல்லிடுவ."

"அது நான் இல்லடி. அது வெட்டினது. உங்க மாமாவைக் கேளு..."

கையை நீட்டி அவளைத் தொடப் போனாள். மகள் அந்தக் கையில் படாமல் ஒதுங்கிப் போய்த் திரையை மறுபடி போட்டாள். பாடம் முழுசாக ஓடினால்தான் பச்சை விழும், பச்சை விழாவிட்டால் நாளைக்கு மிஸ் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார். எல்லார் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

திரையில் டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அறையில் டீச்சர் பொறுத்துக்கொண்டிருந்தாள்.