முகம் மறைத்த படம்

திரையில் என் இடது கை கரண்டியைப் பிடித்திருக்கிறது, ரப்பர் சுற்றிய தடித்த பிடி, தயிர்சாதம், கரண்டி நடுங்கிக்கொண்டே மேலே போகிறது, போய்ச் சேருகிற இடத்தில் முகம் இல்லை, கட்டம் கட்டமாக ஒரு சாம்பல் மூட்டம், அதற்குள் போன கரண்டி காலியாக வெளியே வருகிறது, சமுதாய நலக்கூடம் முழுக்கக் கைதட்டல், மேடையில் பவதாரிணி, ஆக்குபேஷனல் தெரபியில் டாக்டர் பட்டம் வாங்கப்போகிற பெண், கைகால் விழுந்தவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற படிப்பு அது, சென்னையிலிருந்து வந்து எங்கள் வீடுகளில் செய்த ஆராய்ச்சியை அவளும் கூடப் படிக்கிறவர்களும் எங்களுக்கே சொல்லிக் காட்டுகிறார்கள், இந்த அம்மா இப்ப யார் உதவியும் இல்லாம சாப்பிடறாங்க, முழு மதிப்பெண், அடையாளம் தெரியக்கூடாதுன்னு முகத்தை மறைச்சிருக்கோம் என்கிறாள், முன்வரிசையில் அடுத்த வீட்டுப் பேச்சியம்மா திரும்பி என்னைப் பார்க்கிறாள், அந்தக் கையில் கிடக்கிற முறுக்கு வளையலை எங்கள் தெருவில் யாருக்குத் தெரியாது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, மூஞ்சியை மூடிவிட்டுப் பீச்சாங்கையால் நான் சோறு தின்பதை ஊருக்கே காட்டிவிட்டார்கள், எதை மறைக்கட்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்கமாட்டார்கள், கரண்டியைக் கொடுத்த அன்றைக்கும் கேட்கவில்லை, பக்கவாதம் வந்து ஒருநாள் காலையில் குடத்தோடு சரிந்து விழுந்தேன், அதற்கப்புறம் எத்தனையோ கனவில் நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், சோத்தாங்கைய நீட்டுலே என்கிறேன், நீட்டுகிற கையெல்லாம் என் வலது கையாக இருக்கிறது, விழித்துப் பார்த்தால் அது மடியில் சும்மா கிடக்கிறது, வீட்டுக்காரர் ஊட்டிவிடுகிறார், வாயைத் திற, இன்னும் ஒரு வாய், அவர் வேலைக்குப் போகாமல் எத்தனை நாளைக்கு இருப்பார், அப்போதுதான் பவதாரிணி கரண்டியோடு வந்தாள், வருகிறாள், தரையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருகிறாள், நல்ல பிள்ளைதான், நான் கெஞ்சுகிறேன், ஏம்மா, இந்தச் சோத்தாங்கையப் பழக்கிவிடு, ரெண்டு வெரலு மடங்குது பாரு, அவள் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறு மாசம் தாண்டிடுச்சும்மா, இனி அது பெருசா திரும்பாது, நல்லா இருக்கிற கைய வச்சு சுதந்திரமா இருக்கப் பழகிக்கலாம் என்கிறாள், சுதந்திரமாம், கழுவுகிற கையால் உண்ணச் சொல்வதற்குப் பெயர் சுதந்திரம், நான் தலையாட்டினேன், அன்றிலிருந்து அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், அவருக்குக்கூடத் தெரியாது உள்ளே நான் எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று.

அடுத்த மாதம் முதல் ஊரில் கை விழுந்த எல்லோருக்கும் இதே கரண்டியாம், மேடையில் அவர்களுடைய பேராசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாருக்காவது கேள்வி இருக்கா, அப்படியானால் என் வலது கையை இனி ஒருவரும் தொடப்போவதில்லை, கதை முடிந்தது, நான் எழுந்துவிட்டேன், வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுக்கிறார், இரி, எதுக்கு வம்பு, உதறிவிட்டு நிற்கிறேன், அது என் கைதாம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனி மூஞ்சிய மூடி என்னத்துக்கு, அந்த மூடலை எடுத்துட்டுப் போடு, பவதாரிணி முகம் வெளுக்கிறது, அம்மா, அது விதிமுறை, நான் விடவில்லை, எம் மூஞ்சிதானே, நான் சொல்லுதேன், போடு, வெட்டாம முழுசாப் போடு, முழுசா நாங்களே பாக்கலம்மா, கரண்டி வாய்க்குப் போற வரைக்கும்தான் எங்களுக்குத் தேவை என்கிறாள், அதைத்தான் சொல்லுதேன், போடு. பேராசிரியர் தலையசைத்தார்.

இப்போது திரையில் முகம் இருக்கிறது, கண்ணை இறுக மூடிக்கொண்டு கசாயம் குடிக்கிறவளின் முகம், கரண்டி உள்ளே போகிறது, சூப்பர்மா, முழுங்கிட்டீங்களா என்று பவதாரிணியின் குரல் கேட்கிறது, திரையில் இருப்பவள் தலையாட்டுகிறாள், நானும் இங்கே தலையாட்டுகிறேன், படத்தில் போன் வந்து பவதாரிணி வாசலுக்குப் போகிறாள், கேமரா ஸ்டாண்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் இருப்பவள் வாசலை ஒருதரம் பார்த்துக்கொள்கிறாள், கன்னத்தில் ஒதுக்கி வைத்ததைத் தட்டோரத்தில் துப்புகிறாள், கரண்டியைத் தள்ளிவிட்டு, திரும்பாது என்று சொன்ன கையை மடியிலிருந்து இழுத்துத் தட்டில் போடுகிறாள், இரண்டு விரல் மெதுவாகக் கூடுகின்றன, முகம் குனிந்து கைக்கு வருகிறது, பாதி சிந்துகிறது, மீதி வாய்க்குப் போய்விட்டது, பக்கத்தில் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைக்கிறார், பவதாரிணி மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், யாரும் கைதட்டவில்லை, திரையில் நான் மென்றுகொண்டிருக்கிறேன்.