உப்புக் கரித்த ராக்கியா

ராதோமிருக்குப் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்க்கத் தேதி குறித்தபோது, அதற்கு முந்தின நாள் அவர் வீட்டில் ஸ்லாவா, குடும்பப் புனிதரின் திருநாள், என்பது டாக்டர் நெவென்காவின் மண்டையில் உறைக்கவே இல்லை. அவள் வீட்டுப் புனிதர் கோடையில் வருகிறவர். அதனால் நவம்பர் முழுக்க வெறும் நாட்கள் என்று நினைத்துவிட்டாள். குடல் அழற்சி நோயில் தனிப் பயிற்சிக்காக நோவி சாத் நகருக்கு வந்தவள். ஆராய்ச்சி அட்டவணையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பாள். ஊர்க் காலண்டரைத்தான் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஸ்லாவா அன்று மத்தியானம் ராதோமிர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, நாளைக்குக் காலைல வந்துடறேன். ஆனா இன்னிக்கு வீடு பூரா விருந்தாளி. அந்தக் குடல் கழுவுற தண்ணிய எப்படிக் குடிக்கிறது?"

"தள்ளிப்போட முடியாதா அண்ணே?"

"ஸ்லாவாவையா? புனிதர்கிட்ட நீங்களே பேசிப் பாருங்க."

சோதனையையும் தள்ள முடியாது. ஆராய்ச்சி விதிப்படி கெடு நாளையோடு முடிகிறது. தவறினால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். புது மருந்தும் நின்றுவிடும். அந்த மருந்தில்தான் மனிதர் எழுந்து நடமாடுகிறார். மூன்று வருஷமாக இதே நாளில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, வீட்டுக்காரர் வெட்ட வேண்டிய ஸ்லாவா ரொட்டியைத் தம்பிதான் வெட்டினான். இந்த வருஷமும் விட்டுக்கொடு என்று எந்த வாயால் கேட்பது?

இருட்டும் நேரத்தில் நெவென்கா அவர் வீட்டுக்கே போனாள். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அதனால் ஏன் வந்தாய் என்று கேட்பாரும் இல்லை. கோட்டைக் கழற்றும் முன்பே வாயில் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை, தட்டில் முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சார்மா.

ராதோமிர் உட்காரவே இல்லை. ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் நின்றுகொண்டுதான் பரிமாற வேண்டும். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது அதனால் யாருக்கும் தெரியவில்லை. மருந்துத் தண்ணீரை ராக்கியா பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்திருந்தார். பிளம் சாராயமும் தண்ணீர் போலத்தானே இருக்கும்! ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு டம்ளரைக் கவிழ்த்தார். பிறகு காணாமல் போனார்.

"எங்கய்யா ஓடுற?"

"நிலவறைல ஒயின் எடுக்க!"

போனவர் வருவார், ஒயின் வராது.

பாதி பாட்டில் தீர்ந்தபோது, ஷிவோயின் கை நீட்டி அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அவர் கூம், ராதோமிரின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், உடன்பிறப்பைவிட ஒரு படி மேல். ஒரே மடக்கில் குடித்தார். முகம் கோணிற்று.

"என்ன கர்மம்டா இது? ராக்கியா காய்ச்சினியா, ஊறுகாய் போட்டியா?"

மேசையில் எல்லோரும் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ராதோமிரின் ராக்கியாதான் அவர் மானம். நெவென்கா சார்மாவைக் கீழே வைத்தாள். நோயாளியின் ரகசியத்தை அவள் சொல்லக் கூடாது. ராக்கியா கெட்டுவிட்டது என்று ராதோமிர் ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. அவர் ஷிவோயினின் தோளில் கை வைத்தார்.

"கூமே, அது ராக்கியா இல்ல. குடல் கழுவுற மருந்து. எனக்கு வயித்துப்புண்ணுன்னு சொன்னது பொய். பெருங்குடல் பூராப் புண்ணு, ரத்தமாப் போச்சு. இவங்க என் டாக்டர். நாளைக்கு உள்ள பாக்குறாங்க."

"மூணு வருசமா எங்கிட்ட மறைச்சியா?"

"வெக்கமா இருந்துச்சு."

"உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நீ எடுத்த வாந்தியத் தொடச்சது யாரு? எங்கிட்ட வெக்கமாம்!" ஷிவோயினுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் டம்ளரை நிரப்பப் போனார். "இன்னிக்கு நீ தனியாக் குடிக்கக் கூடாதுடா."

"ஐயோ, அது அவரோட அளவு!" என்று நெவென்கா பாய்ந்தாள். அவள் பையில் கூடுதலாக ஒரு மருந்துப் பொட்டலம் இருந்தது. "உங்களுக்கு இருதயம், சிறுநீரகம் எல்லாம் நல்லாருக்கா?"

"எருமை மாதிரி இருக்கேன். கலக்குங்க!"

வீட்டில் இருப்பதோ ஒரே கழிப்பறை. கதவின் இந்தப் பக்கம், "விருந்தாளிக்குத்தான்டா முதலிடம்!" என்று ஷிவோயின், அந்தப் பக்கம் ராதோமிரின் சிரிப்பு. விருந்தினர் கைதட்டி இருவரையும் உற்சாகப்படுத்தினார்கள்.

மறுநாள் பயிற்சி தரும் பேராசிரியர் பின்னால் நிற்க, நெவென்கா குழாயைக் கடைசிவரை செலுத்தினாள். முந்தைய படத்தில் சிவந்து கசிந்துகொண்டிருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாக, மெல்லிய ரத்த நாளங்கள் தெரிய, சுத்தமாக இருந்தது.

"எங்க டாக்டரம்மா அந்தப் புண்ணு?" என்றார், திரையையே பார்த்துக்கொண்டிருந்த ராதோமிர்.

"தேடிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. காணோம்."

"புண்ணோட அளவு பூஜ்யம்னு பதிவு பண்ணு," என்றார் பேராசிரியர். எந்தப் பரீட்சை மதிப்பெண்ணும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. ராதோமிர் சத்தமில்லாமல் அழுதார்.

வெளியே, வெளிறிய முகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு ஷிவோயின் நின்றார். சேதி கேட்டதும் ராதோமிரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். பிறகு நெவென்காவின் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, நானும் ராத்திரி பூராக் கழுவிச் சுத்தமா வந்திருக்கேன். வீணாப் போக வேணாம், என்னையும் ஒரு பார்வை பாத்துடுங்க."