ஹார்ன் அடிக்காத வண்டி

செல்ஃப் நன்றாகத்தான் எடுத்தது. இன்ஜின் மூச்சுவாங்கச் சுற்றியது, பிடிக்கத்தான் இல்லை. சாவியை விட்டு மறுபடி திருகினார். அதே கதை.

தெருவில் அவருக்குச் சந்தேகத்தார் என்று பெயர். கடைக்காரன் தராசைத் தட்டிப் பார்ப்பார். ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். இந்தப் பிக்கப் வண்டியை ஒரு மெக்கானிக் கையிலும் விட்டதில்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டிவிடுவான்கள் என்பார். சோதித்துப் பார்க்காமல் அவர் நம்பிய ஒரே ஆள் பெண்டாட்டிதான்.

போன மாதம் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. வண்டி கிழடு, ஓட்டுகிறவர் அதைவிடக் கிழடு, விற்றுவிடலாம் என்று மகளும் மருமகனும் நச்சரித்தார்கள். "என்னைக்கு அது ஸ்டார்ட் ஆகலையோ அன்னைக்கு வித்துக்குங்க. நான் வாய் திறக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வண்டி மேல் அவ்வளவு தைரியம்.

இன்று ஆகவில்லை. மருமகன் வாசலில் நின்றபடியே பழைய வண்டி வாங்குபவருக்குப் போன் போட்டுவிட்டார்.

"கிளம்பிட்டாராம் மாமா. பம்பு போயிருக்கும். இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?"

"எந்த வயசுல? வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அவர் வந்து சேர்ற வரைக்கும் வண்டி என்னோடது. தள்ளி நில்லுங்க மாப்ள, வெளிச்சத்த மறைக்காதீங்க."

செல்ஃப் இந்த வேகத்தில் சுற்றினால் பேட்டரி மேல் பழி போட முடியாது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, மருமகனைச் சாவி திருகச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது. பிளக் முனையை முகர்ந்தார். சுள்ளிபோல் காய்ந்திருந்தது. தொட்டியில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. இன்ஜினுக்குத்தான் வந்து சேரவில்லை.

"சாவிய பாதி மட்டும் திருகுங்க" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் காதை வைத்தார். வழக்கமாக உள்ளே பம்பு ஒரு நொடி முனகும். இன்று முனகல் இல்லை. பியூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், கம்பி அறுந்திருக்கவில்லை. மிச்சம் ரிலே ஒன்றுதான். கட்டைவிரல் அளவுக் கறுப்பு டப்பி. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் வாயில்காரன். பானெட்டுக்குள் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார்.

பம்பு ரிலே உட்காரும் ஐந்தாவது குழி காலி.

ரிலே தானாகக் கழன்று விழாது. விழுந்தாலும் மூடிய பெட்டிக்குள்தான் கிடக்க வேண்டும்.

"எடுத்துக் குடுங்க மாப்ள."

"எதை?"

"திருட்டு முழி முழிக்காதீங்க. இந்த வீட்டுல உக்காந்து தின்னுட்டு இங்கயே கை வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல? மரியாதையாக் குடுத்துடுங்க."

மருமகன் முகம் சிவந்தது. "எனக்கு அந்தப் பெட்டி எங்க இருக்குன்னே இப்பத்தான் தெரியும். சத்தியமா நான் தொடல."

கையிலிருந்த மூடியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டப்போன சந்தேகத்தார், ஆட்டாமல் நிறுத்தினார். மூடியில் எந்த ரிலே எதற்கு என்று படம் போட்டிருந்தது. பம்பு மூன்றாவது என்றது படம். ஆனால் இது இந்த வண்டியின் மூடி அல்ல. சொந்த மூடி உடைந்தபோது வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. படத்தை நம்புகிறவன் மூன்றாவதைப் பிடுங்குவான். அது வைப்பருக்கு உள்ளது. மூன்றாவது குத்துக்கல்லாட்டம் இருந்தது.

படம் பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். முன்பொரு மழையில் நடுரோட்டில் வண்டி நின்றபோது அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் பெண்டாட்டி. "நீங்க நம்பாததுல ஒண்ணாவது சரியாப் போச்சே" என்று சிரித்தாள்.

சமையலறை ஜன்னலைப் பார்த்தார். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வேறு யாராவது செய்திருந்தால், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று மார்தட்டியிருப்பார்.

ஹார்னுடைய ரிலேயைப் பிடுங்கினார். இரண்டும் ஒரே ஜாதி. ஐந்தாவது குழியில் அழுத்தினார். பிளக்கை மாட்டினார். சாவியைத் திருகியதும் வண்டி கப்பென்று பிடித்துக்கொண்டது.

கேட் வரை ஓட்டி வந்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். இடது பக்கம் தெரு வளைகிறது. இங்கே ஒரு முறை உண்டு. அவர் ஒரு ஹார்ன் அடிப்பார். இடது சீட்டில் இருப்பவள் தலையை நீட்டிப் பார்த்து "வா" என்பாள். அவரை நீங்க என்பவள், வண்டியைத்தான் வா என்பாள். அவருக்கு இடது கண்ணில் புகை படிந்து வெகுநாளாகிறது. யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை. போன வாரம் அவளுக்குத் தும்மல் வந்த நேரம் அவர் வண்டியை விட்டுவிட்டார். சைக்கிள்காரி ஒருத்தி சக்கரத்துக்கு முன்னால் விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். மகளிடமோ மருமகனிடமோ பெண்டாட்டி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் தன் பக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஹார்னை அழுத்தினார். ஊமை.

முந்தானையில் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"மாப்பிள்ளைய வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"கேட்டுட்டுதான் இருந்தேன்."

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"படுக்கையில சொன்னேன். சோறு போடுறப்ப சொன்னேன். அந்தப் பொண்ணு விழுந்த அன்னைக்கு அழுதுட்டே சொன்னேன். உலகத்தையே சந்தேகப்படுறீங்க, உங்க கண்ண மட்டும் படமாட்டேங்கிறீங்க."

"ஏறு."

"ஏற மாட்டேன்."

இதுவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. உள்ளங்கையை விரித்தாள். ரிலே இருந்தது. "போறதா இருந்தா ஹார்னுக்காவது இத மாட்டிக்குங்க."

அவர் வாங்கவில்லை. கிளட்சில் கால் வைத்தபடி இடது பக்கம் பார்த்தார். காலி சீட்டு, அதற்கப்பால் புகை. வண்டியை அணைத்தார். இறங்கிப் போய்ச் சாவியை மருமகன் கையில் வைத்தார்.

வாங்க வந்தவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஓடாத வண்டின்னாங்களே. ஓடுற வண்டிய எதுக்குப் பெரியவரே விக்கிறீங்க? என்னத்த மறைக்கிறீங்க?"

"ஓடும். ஹார்ன் அடிக்காது, அவ்வளவுதான்."

நம்பாமல் நாலு தடவை ஹார்னை அழுத்திப் பார்த்துவிட்டு, வந்தவர் கேட்டுப் பக்கம் கத்தினார்: "யாராவது ரோட்டப் பாருங்க."

மூடிய கையோடு அவள்தான் தெருவில் இறங்கினாள்.

சந்தேகத்தார் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"வா... வா..."